மினி டிவி (MiniDV) கேசட்டைக் கணினிக்கு மாற்ற எந்தக் கேபிள்?

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து வீட்டு அலமாரிகளில் இன்னும் மினி டிவி கேசட்டுகள், அதாவது வீடியோ கேமராவின் சின்ன டிஜிட்டல் நாடாக்கள், கிடக்கின்றன. கல்யாணம், காதுகுத்து, கொங்கன்படைத் திருவிழா எல்லாம் அவற்றில்தான். பாலக்காட்டு மழைக்கால ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே தள்ளிப்போடாமல் கணினிக்கு மாற்றிவிடுவது நல்லது. பார்க்க வேண்டியவை மூன்று வழிகள்.

கேமராவில் யூஎஸ்பி துளை இருந்தால் மனம் முதலில் அங்கேதான் போகும். பெரும்பாலான மினி டிவி கேமராக்களில் அது மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களை எடுக்கவும் வெப்கேமராவாகப் பயன்படுத்தவும் வைத்தது. நாடாவின் காட்சி அதில் வந்தாலும் சிறிதாக, மங்கலாக வரும். முழுத் தரத்தையும் யூஎஸ்பியில் தரும் மாடல்கள் சில உண்டு. கையேடு அப்படிச் சொன்னால் மட்டும் நம்புங்கள்.

என் ஓட்டு ஃபயர்வயர் (FireWire) என்ற பழைய கேபிள் இணைப்புக்கு. சோனி இதையே ஐ.லிங்க் என்றது. நாடாவில் பதிவானதே டிஜிட்டல் தரவு என்பதால், இந்த வழியில் அது அப்படியே கோப்பாக இறங்குகிறது. படமெடுத்த தேதியும் நேரமும்கூடக் கூடவே வரும். ஒரு மணி நேரக் கேசட் சுமார் 13 ஜிகாபைட் பிடிக்கும், இறங்கவும் ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த வழியில்லை.

கேபிள் எளிது, அதைச் செருகும் இடம்தான் தலைவலி. கேமராப் பக்கம் 4 பின், கணினிப் பக்கம் பெரும்பாலும் 6 பின். இன்றைய லேப்டாப்புகளில் அந்தத் துளையே இல்லை. மேசைக் கணினி என்றால் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். மேக்கில் தண்டர்போல்ட் அடாப்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க வேண்டும். 2025-இல் வந்த மேக் ஓஎஸ் டஹோ ஃபயர்வயரையே கைவிட்டுவிட்டதால் பழைய பதிப்பு ஓடும் மேக் தேவை. ஒரு முனையில் ஃபயர்வயரும் மறுமுனையில் யூஎஸ்பியும் வைத்து மலிவாக விற்கும் கேபிளைத் தொடாதீர்கள். இரண்டும் தரவை அனுப்பும் முறையே வேறு. வெறும் கம்பியால் அதை மாற்ற முடியாது.

இதெல்லாம் கைகூடாவிட்டால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கேபிளும் யூஎஸ்பி கேப்சர் கருவியும். டிஜிட்டல் படம் அனலாக் ஆகி மறுபடி டிஜிட்டல் ஆவதால் விளிம்புகள் மழுங்கும், பட்டுப்புடவைச் சிவப்பு கசியும். கேமராவில் எஸ்-வீடியோ இருந்தால் படத்துக்கு அதையும் ஒலிக்குச் சிவப்பு, வெள்ளையையும் பயன்படுத்துங்கள். மென்பொருளில் நம் நாட்டு வீடியோ முறையான 'பால்' (PAL) என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். கேமராப் பக்கத்துப் பின் இயர்போன் பின் மாதிரி இருந்தாலும் உள்கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு கேபிள் போட்டுப் படம் வராவிட்டால் மஞ்சள் துளையில் சிவப்பைச் செருகிப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது ஹை8 (Hi8) என்ற பழைய அனலாக் கேசட் என்றால் அந்தக் கேமராவுக்கு இந்த ஏவி வழிதான். ஹை8 நாடாவையும் ஓட்டக்கூடிய, ஃபயர்வயர் உள்ள டிஜிட்டல்8 (Digital8) வகைக் கேமரா யாரிடமாவது கிடைத்தால், அதைக் கடன் வாங்கி ஃபயர்வயரிலேயே இறக்கிவிடலாம்.