கோட்டைத் தொகுதி ஓட்டு: பிரிட்டனிலும் நியூசிலாந்திலும்

லிவர்பூல் வால்டன் தொகுதியில் 2017இல் லேபர் கட்சி வாங்கியது 85.7 சதவீத ஓட்டு. கழுதையை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்போமே, அந்த ரகம். அதிக ஓட்டு வாங்கியவர் எம்.பி., மிச்ச ஓட்டுக்கு மதிப்பில்லை என்பது பிரிட்டன் முறை. அதனால் இங்கே பத்தாயிரம் ஓட்டு கூடினாலும் குறைந்தாலும் ஓர் இடம்கூட மாறாது. கட்சிகள் ஆளையும் பணத்தையும் இழுபறித் தொகுதிக்குத்தான் அனுப்பும். கட்சியைத் திட்டிப் பயனில்லை, கணக்கே அப்படி.

நியூசிலாந்திலும் முன்பு இதே முறைதான். 1978, 1981 இரண்டு தேர்தலிலும் அந்நாட்டு லேபர் கட்சியைவிடக் குறைந்த ஓட்டு வாங்கிய நேஷனல் கட்சி ஆட்சியில் உட்கார்ந்தது. மக்கள் 1993 வாக்கெடுப்பில் முறையையே மாற்றினார்கள். 1996 முதல் ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு டிக்: இடப்பக்கம் கட்சிக்கு, வலப்பக்கம் தொகுதி வேட்பாளருக்கு. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை முடிவு செய்வது, நாடு முழுவதும் கூட்டிப் பார்க்கும் இடப்பக்க டிக்.

தெற்கு ஆக்லாந்தின் மாங்கெரே, லேபர் கோட்டை. வலப்பக்கத்தில் சுவாரசியமே இல்லை. ஆனால் அங்கே ஓட்டுப் போடாமல் வீட்டில் படுத்திருக்கும் லேபர் ஆதரவாளர் ஒவ்வொருவரும் கட்சிக்கு நஷ்டம். எதிர்க்கட்சி அங்கே பொறுக்கும் ஓட்டும் நாடு முழுவதற்குமான கணக்கில் சேரும். ஆக, கதவைத் தட்ட இரண்டு பேருக்கும் காரணம் இருக்கிறது.

குறையும் உண்டு. 5 சதவீதம் தொடாமல், ஒரு தொகுதியும் ஜெயிக்காத கட்சிக்குப் போட்ட ஓட்டு வீண். தொகுதியில் ஜெயிக்காமல் கட்சியின் பெயர்ப் பட்டியல் வழியாக வந்த எம்.பி.யிடம் ‘எங்க ஊர் ரோடு’ என்று உரிமையோடு போய் நிற்பதும் கஷ்டம். இருந்தாலும் நான் வால்டன்காரனாக இருந்தால் அந்த இடப்பக்க டிக்கைத்தான் கேட்பேன்.