அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கி: காரிலா, விமானத்திலா?

காரில் மாநில எல்லை கடப்பவருக்கு, வழியிலுள்ள மாநிலங்களின் துப்பாக்கிச் சட்டங்களிலிருந்து 1986-ம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமே காப்பு. புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டிலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை வேண்டும். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை நீக்கி, இரண்டையும் டிக்கியில் வையுங்கள். தனி டிக்கி இல்லாத வண்டியில் துப்பாக்கியும் தோட்டாவும் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டாஷ்போர்டு அறை செல்லாது.

விமானத்தில் செக்-இன் லக்கேஜ் மட்டுமே. பூட்டிய கடினப் பெட்டி, சாவி உங்களிடம், ஒவ்வொரு முறையும் கவுன்ட்டரில் அறிவிப்பு. தோட்டாவுக்குப் பல நிறுவனங்களின் வரம்பு 5 கிலோ.

ஆபத்து இணைப்பு விமானத்தில்தான். நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க்கில் விமானம் தவறி, பெட்டியோடு ஓட்டலில் தங்கிய பயணி மறுநாள் கைதானார். இரவில் துப்பாக்கி கைக்கெட்டும் நிலையில் இருந்ததால் 1986 சட்டத்தின் காப்பு பொருந்தாது என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேரடி விமானம் இல்லையென்றால் காரே மேல்.