புதுச் செயின் மட்டும் மாற்றினால் போதாது: 22 அங்குலப் பாருக்கு ஒரு முழு செட், எட்டு மாத அனுபவம்

காவேரிப்பட்டினத்தை அடுத்த எங்கள் தோப்பில் காய்ப்பு நின்றுபோன பெங்களூரா மாமரங்களையும், வரப்போரமாகச் சாய்ந்து கிடந்த இரண்டு புளிய மரங்களையும் அறுப்பதற்காக, 58 சிசி சீனத் தயாரிப்புச் செயின்சா ஒன்றை வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் விறகு அறுப்பவர்கள் பலரிடமும் இருப்பது இதே வகை மெஷின்தான் என்பதால், மெஷினைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதில் எட்டு மாதங்களுக்கு முன் ஒரே நாளில் மாற்றிய செயின், அது சுற்றி ஓடும் நீண்ட தகடான பார், அதை இழுத்து ஓட்டும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் ஆகிய மூன்றையும் பற்றியே எழுதுகிறேன்.

மாற்ற வேண்டிய நிலை வந்ததற்கு என் அவசரமே காரணம். பழைய செயின் தேய்ந்ததும், “22 இஞ்ச் செயின்” என்று தேடி, விலை குறைவாக இருந்த ஒன்றை இணையத்தில் வாங்கினேன். பாரில் தடையின்றி உட்கார்ந்தது. நீளமும் சரியாக இருந்தது. ஆனால் புளியங்கட்டையில் இறக்கியபோது, பாதி ஆழம் வரை நேராகச் சென்ற அறுப்பு அதற்கு மேல் அரிவாள் போல வலப்பக்கம் வளைந்து, பார் கட்டைக்குள் இறுகிக்கொண்டது. எஞ்சினுக்குத்தான் இழுவை இல்லை என்று நினைத்து, ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து கார்புரேட்டரைத் திருகச் சொன்னேன். அந்தச் செலவு வீண்.

பிறகுதான் கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் விவசாயக் கருவிகளுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு சிறிய கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் மெஷினை ஸ்டார்ட் செய்து பார்க்கவே இல்லை. செயினைக் கழற்றி, பாரின் விளிம்பில் உள்ள காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், ஓடும் உள்பல் ஒன்றை வெர்னியர் காலிப்பரின் இரு தாடைகளுக்கு நடுவே வைத்து என்னிடம் நீட்டினார். 1.3 மி.மீ. காட்டியது. பாரின் காடியோ 1.5 மி.மீ. உள்பல் காடியைவிட மெல்லியதாக இருந்தால் செயின் உள்ளே சாய்ந்துகொண்டு ஓடும். சாய்ந்த செயின் சாய்வாகத்தான் அறுக்கும். தடித்த செயின் என்றால் காடிக்குள் நுழையாமலே நம்மை எச்சரித்துவிடும். மெல்லிய செயினுக்கு அந்த நாணயம் கிடையாது.

செயின் வாங்கும்போது அங்குலத்தை மட்டும் சொல்லிக் கேட்பது எவ்வளவு தவறு என்பது அங்கேதான் விளங்கியது. கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அளந்து, அதில் பாதியை எடுக்க வேண்டும், என் மெஷினுக்கு அது 0.325 அங்குலம். இரண்டாவது, கேஜ் என்று சொல்லப்படும் உள்பல்லின் தடிப்பு. மூன்றாவது உள்பற்களின் எண்ணிக்கை. என் 22 அங்குலப் பாருக்கு 86. ஒரே அங்குலம் எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி பாரின் நீளமும் பல்லின் எண்ணிக்கையும் மாறும் என்பதால், பழைய செயினை மேசையில் கிடத்தி ஒவ்வொன்றாக எண்ணுவதே பாதுகாப்பு. சிறிய மெஷின்களில் வரும் 3/8 அங்குலப் பிட்ச் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினையும் பெரிய மெஷின்களின் சாதாரண 3/8 செயினையும், பெயரில் ஒரே எண் இருக்கிறதே என்று ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. ஒன்றின் ஸ்ப்ராக்கெட்டில் மற்றொன்று ஒழுங்காக உட்காராது.

சரியான தடிப்பில் ஒரு செயின் மட்டும் கொடுங்கள் என்றேன். பெரியவர் கிளட்ச் மூடியைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட்டின் பற்களை என் கட்டைவிரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். செயின் உட்காரும் இடத்தில் நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. “தேஞ்ச சக்கரத்துல புதுச் செயினை மாட்டினா, சக்கரம் செயினையும் தன்ன மாதிரியே ஆக்கிடும் தம்பி” என்றார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் காரணம் எளிது: பல் தேயும்போது சக்கரத்தின் பிட்ச் மாறிவிடுகிறது, புதுச் செயினின் பிட்ச் அதனுடன் ஒத்துப்போகாமல் ஒவ்வொரு சுற்றிலும் தட்டுப்பட, உள்பல்லின் அடிப்பகுதி நசுங்கி, செயின் சீக்கிரம் நீண்டுவிடுகிறது. பள்ளம் அரை மி.மீ. ஆழத்தைத் தொட்டால் சக்கரத்தை மாற்ற வேண்டும். இரண்டு செயின் தேய்வதற்குள் ஒரு சக்கரம் என்பது பொதுக்கணக்கு.

ஏழு பல்லுக்குப் பதிலாக எட்டுப் பல் சக்கரம் போட்டால் வேகம் கூடுமே என்றும் கேட்டேன். கூடத்தான் செய்யும். ஏழு பல் சக்கரம் ஒரு சுற்றுக்குச் செயினை 4.55 அங்குலம் நகர்த்துகிறது. நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் செயின் நொடிக்குச் சுமார் 15 மீட்டர் ஓடுகிறது. எட்டுப் பல் அதை ஏழில் ஒரு பங்கு உயர்த்தும்; அதே விகிதத்தில் இழுவை குறையும். மெல்லிய தைல மரக்கழி அறுப்பவருக்கு அது உதவலாம். புளியின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் 22 அங்குலப் பாரை முழுவதுமாக இறக்குபவருக்கு ஏழு பல்லே சரி.

பாரையும் மாற்றினேன். பழைய பாரின் இரு விளிம்புகளிலும் பிசிறு எழுந்து, காடி ஒரு பக்கம் அகன்றிருந்தது. புதிய பாரின் நுனியில் இருக்கும் மூக்குச் சக்கரத்தின் பிட்ச் 0.325தானா என்று பார்த்தால் மட்டும் போதாது. வால்பகுதியில் உள்ள எண்ணெய்த் துளை மெஷினின் எண்ணெய் வாயோடு ஒத்திருக்க வேண்டும். மாட்டிய பிறகு, வெட்டிய அடிக்கட்டைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் மூக்கை நீட்டிப் பிடித்து ஆக்சிலேட்டரை அழுத்தினேன். வெளிறிய மரத்தின் மீது மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தது. அந்தக் கோடு விழவில்லையென்றால் எவ்வளவு நல்ல செயினும் ஒரு வாரம் தாங்காது. வண்டியில் வடித்த கழிவு ஆயிலைச் செயின் எண்ணெய்க்குப் பதிலாக ஊற்றும் வழக்கத்தையும் அன்றோடு விட்டேன்.

வாங்கிய செயின் ஓரிகன் நிறுவனத்தின் 21பிபிஎக்ஸ். உள்பல்லில் பொறித்திருக்கும் 21 என்ற எண்ணே அது 0.325 பிட்ச், 1.5 மி.மீ. கேஜ் என்பதற்கு அடையாளம். ஓரிகன் மாநிலத்தில் மரவெட்டியாக இருந்த ஜோசப் காக்ஸ், கட்டையைக் குடையும் வண்டுப்புழு இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிப்பதைக் கவனித்து உருவாக்கிய பல் அமைப்பிலிருந்து 1947-இல் பிறந்த நிறுவனம் அது. இன்றும் செயினில் பல் இடம், வலம் என்று மாறி மாறித்தான் வருகிறது. இந்தச் செயினின் பல் முனை சற்றே மழுங்கலாக வளைந்தது. கூர்மூலை கொண்ட ஃபுல் சிசல் செயின் சுத்தமான பச்சை மரத்தில் இதைவிட வேகமாக அறுக்கும். ஆனால் நம் ஊர் மாமரப் பட்டையில் மண்ணும், சாலையோரப் புளியில் ஆணியும் இல்லாமல் இருப்பது அபூர்வம். அந்த மண்ணில் கூர்மூலை முதலில் போய்விடும்.

மாட்டிய அன்று அறுப்பிலிருந்து மாவு வரவில்லை. தேங்காய்த் துருவலைவிடச் சற்றுப் பெரிய சக்கை சக்கையாகக் காலடியில் குவிந்தது. இடுப்பளவு பருமனுள்ள மாமரத்தில் அறுப்பு அடிவரை நூல் பிடித்தாற்போல் இறங்கியது; மெஷினைக் கையால் அழுத்தவே தேவைப்படவில்லை. புதுச் செயின் முதல் நாளில் நீளும் என்பதால், முதல் டேங்க் பெட்ரோல் தீர்வதற்குள் மூன்று முறை இறுக்க வேண்டியிருந்தது. அறுக்கும்போது சூடேறிய செயினை இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது சுருங்கி, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டையே இழுக்கும்.

குறைகளும் உண்டு. கடையில் ஸ்ப்ராக்கெட் பல்லும் கிளட்ச் டிரம்மும் ஒன்றாகச் சேர்ந்த வகை மட்டுமே இருந்தது. பல் வளையத்தை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய ரிம் வகை கிடைத்திருந்தால், அடுத்த முறை டிரம் செலவு மிச்சமாகியிருக்கும். செயினுக்குரிய 3/16 அங்குல உருட்டு அரமும் இருப்பில் இல்லை. அதை ஓசூரில் தேடி வாங்கினேன். பாரின் விளிம்பு நான் எதிர்பார்த்ததைவிட மென்மையானது. ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியும், ஆறாம் மாதத்திலேயே பிசிறை அரத்தால் எடுக்க வேண்டி வந்தது. மூன்றும் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது என்பதால் இதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் மாதத்தில் அதே எண்ணில் இன்னொரு செயின் வாங்கி, இரண்டையும் வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்டுகிறேன்; சக்கரம் இரண்டோடும் ஒரே சீராகத் தேயட்டும் என்பதற்காக. போன வாரம் கிளட்ச் மூடியைக் கழற்றிப் பற்களைத் தடவிப் பார்த்தேன். செயின் உட்காரும் தடம் கண்ணுக்குத் தெரிகிறது. நகம் இன்னும் இறங்கவில்லை.