செப்புத் தகட்டின் சுவடு: தேசிய நூலகத்தின் பழைய வரைபடங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பல ஆண்டுகளாக ஒரு வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. 16ஆம் நூற்றாண்டின் அசல் என்று சொல்லி விற்ற கடையின் பெயர் இங்கே வேண்டாம். அது அசலன்று என்பதை எனக்குப் புரியவைத்தது சிங்கப்பூரின் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகம்தான். அங்குள்ள லீ கொங் சியன் மேற்கோள் நூலகத்தின் அரிய வரைபடத் தொகுப்பையும், அவற்றின் மின்னிலக்கப் படிகளை இணையத்தில் வழங்கும் சேவையையும் பற்றியதே இந்த மதிப்புரை.

தொகுப்பின் மையமாக விளங்குவது டேவிட் பேரி சேகரித்த தென்கிழக்காசிய வரைபடங்கள். நான் முதலில் தேடியது, என் வீட்டில் தொங்கிய அதே வரைபடத்தை: வரைபடக் கலைஞர் ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ் 1570இல் ஆண்ட்வெர்ப் நகரில் தம் அட்லஸில் (வரைபட நூலில்) வெளியிட்ட கிழக்கிந்தியத் தீவுகளின் வரைபடம். சுமத்ராவும் ஜாவாவும் பருத்துக் கிடக்க, ஜப்பான் காற்றாடி போன்ற வடிவில் மிதக்க, கடலில் இரண்டு கடற்கன்னிகள் தங்களை அழகுபடுத்திக்கொண்டிருக்கும் படம் அது. தெற்கு ஓரத்தில் 'பீச்' என்ற பெயருடன் ஒரு நிலப்பகுதி எட்டிப்பார்க்கிறது. மார்க்கோ போலோவின் பயணக் குறிப்புகளைப் படியெடுத்தவர்களின் பிழையால் பிறந்த, உலகில் எங்குமே இல்லாத நாடு அது.

இணையத்தில் படத்தைப் பெரிதாக்கினால் ஊர்ப்பெயர்களை எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் திரை காட்டாத ஒன்றை அசல் தாள் காட்டியது. படத்தின் விளிம்பைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஓடுகிறது. மை தடவிய செப்புத் தகட்டின் மீது ஈரத்தாளை வைத்து அழுத்தி அச்சிட்டதால் விழுந்த சுவடு அது. கோடுகள் அறுபடாமல் செல்கின்றன, வண்ணம் கையால் தீட்டப்பட்டிருக்கிறது. தாளின் பின்புறத்தில் அட்லஸின் விளக்கவுரை அச்சாகியிருக்கும். அது எந்த மொழியில் உள்ளது என்பதைக் கொண்டே எந்தப் பதிப்பிலிருந்து பிரிக்கப்பட்ட தாள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். வீட்டுக்குத் திரும்பியதும் என்னுடையதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். பள்ளம் இல்லை, பின்புறம் வெறுமை, வண்ணமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. பழைய வரைபடம் வாங்க நினைக்கும் எவரும் முதலில் ஓர் அசலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானவை 19ஆம் நூற்றாண்டு வரைபடங்கள். சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸின் நகரத் திட்டத்தை லெப்டினென்ட் ஃபிலிப் ஜேக்சன் வரைந்து, 1828இல் லண்டனில் அச்சான படத்தில் சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியில் 'சூலியா கம்போங்' என்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. தென்னிந்தியர்களுக்கென ஒதுக்க எண்ணிய பகுதி அது. ஆனால் ராஃபிள்ஸோடு இங்கே வந்த நாராயண பிள்ளையின் முயற்சியால் 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலோ அந்தப் பகுதிக்கு வெளியே, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நிற்கிறது. ஜேக்சன் வரைந்தது நகரம் எப்படி அமைய வேண்டும் என்ற எண்ணத்தை. கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் செய்த நில அளவையைக் கொண்டு 1836இல் வெளியான வரைபடம் நகரம் உண்மையில் எப்படி வளர்ந்தது என்பதைக் காட்டுகிறது. இரண்டையும் அருகருகே திறந்து ஒரு மாலைப் பொழுது முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னோர் வாழ்ந்த தெருவைத் தேடும் குடும்பங்களுக்கு இவ்விரண்டையே முதலில் பரிந்துரைப்பேன்.

பெரும்பாலானோருக்கு இணையப் படிகளே போதும். அசலைப் பார்க்க விரும்புவோர் நேரே போய் நிற்காமல், எந்த வரைபடம், எதற்காக என்பதைத் தெளிவாக எழுதி முன்கூட்டியே நூலகத்தாரைத் தொடர்புகொள்வது நல்லது; இணையப் பட்டியலில் காணும் தலைப்பை அப்படியே குறிப்பிட்டுவிட்டால் தேடுவோருக்கும் எளிது, நமக்கும் எளிது.