முதல் மாத்திரை: தனியார் கிளினிக்கா, அரசு ஓபியா?

போன ஐப்பசியில் எனக்கு மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் ஏழு வாரம் தனியார் கிளினிக். அப்புறம் இன்றுவரை அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. இரண்டு இடத்து பெஞ்சிலும் உட்கார்ந்தவன் என்பதால் எழுதுகிறேன். என் சாய்வை மறைக்கவில்லை: அரசு ஓபிதான், அதாவது வெளிநோயாளிகள் பிரிவு. எந்தக் கிளினிக், எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். ஆடுதுறைப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். பேரைச் சொன்னால், நாளைக்குக் கடைக்கு வருகிறவர்கள் யூரியா கேட்பதற்கு முன்னால் என் தூக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கிளினிக்கில் ஏசி, மாலை நேரம், போனிலேயே டோக்கன். ஓபியில் காலையிலேயே சீட்டு வரிசை, கையில் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு நாள் வேலை காலி. கிளினிக்கில் ஒரே டாக்டர்; ஓபியில் போன முறை பார்த்தவரே இந்த முறையும் இருப்பார் என்று சொல்ல முடியாது.

தனியாரில்தான் நின்று பேசுவார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். அங்கே எனக்குக் கிடைத்தது எட்டு நிமிடம். ஓபியில் முதலில் மேற்படிப்புப் படிக்கிற ஒரு பெண் டாக்டர் அரை மணி நேரம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார், அப்புறம்தான் பெரிய டாக்டர். அந்தப் பெண் நான் என்ன வியாபாரம் செய்கிறேன் என்று கேட்டார். உரம், பூச்சிமருந்து என்றேன். பேனாவை வைத்துவிட்டு, "செத்துப்போயிடலாம்னு தோணுதா அண்ணா?" என்று நேராகவே கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உடனே என் மனைவியை உள்ளே கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்குக் கடைச் சாவி உங்ககிட்ட இருக்கட்டும் அக்கா, மாத்திரையையும் நீங்களே எடுத்துக் குடுங்க" என்றார். மாத்திரை ஆரம்பிக்கிற முதல் சில வாரம், முக்கியமாக 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அந்த நினைப்பு கூடலாம். அதனால் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று விளக்கினார்.

வெட்கம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கிளினிக்கில் எதிர் நாற்காலியில் என் தங்கை மாமனார். இருவரும் ஒரு மணி நேரம் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரசு ஆஸ்பத்திரியில் யாராவது எதிர்ப்பட்டால் "சுகர் டெஸ்ட்டுக்கு வந்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த மாத்திரையில் கஷ்டம் ஆரம்பிப்பதில் இல்லை, விடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. எனக்குக் கொடுத்தது எஸ்சிடலோபிராம். ஒரு வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10. யூரியா போட்டால் ஒரு வாரத்தில் பயிர் பச்சை கட்டிக்கொண்டு நிற்கும். இது அப்படி இல்லை. முதல் பத்து நாள் எனக்கு வந்ததெல்லாம் குமட்டல், கொட்டாவி, வயிற்றுப்போக்கு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டதில் குமட்டல் குறைந்தது. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முழுசாகத் தெரிய ஆறு எட்டு வாரம் கூட ஆகலாம். அதாவது காசு கொடுத்து, தொந்தரவையும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காத நாட்கள் நிறைய. நாலாவது வாரம் ஒரு நாள் மூன்று மாதமாகத் தொடாத கடன் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாக வந்தது. அன்றைக்குத்தான் நம்பினேன்.

நம்பியதோடு நிறுத்தியும் விட்டேன். கார்த்திகை மாதம் உரக்கடைக்காரன் கையில் காசு இருக்காது. சம்பாவுக்குக் கொடுத்த உரமெல்லாம் கடன். தை அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் பணம் வந்தால்தான் எனக்கு வரும். பீஸ் 500, மாத்திரை, பஸ், அரை நாள் கடையடைப்பு. "நல்லாத்தானே இருக்கோம், இந்த மாசம் வேணாமே" என்று தோன்றிவிட்டது. மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு, தலைசுற்றல், காரணமில்லாத அழுகை. திடீரென்று நிறுத்தினால் இப்படி வரும் என்று கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மனைவிதான் அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அதே மருந்தை மறுபடி தொடங்கினார்கள்.

ஓபியில் மாத்திரை முதலில் 15 நாளுக்கு, பிறகு 30 நாளுக்குக் கையிலேயே தருகிறார்கள். மாத்திரை தீருகிற தேதிதான் நோட்டில் அடுத்து வர வேண்டிய தேதி. காசு இல்லை என்ற சாக்கே கிடையாது. என் கணக்கில் இந்த ஒன்றே போதும், மற்றதெல்லாம் பிறகு. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டிய மருந்துக்கு, மாதாமாதம் "போகலாமா, வேண்டாமா" என்று யோசிக்க வைக்கிற இடம் ஆகாது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லாமல் வெளியே வாங்கச் சொன்னார்கள். மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைத்தது. பட்டை வேறு, நிறம் வேறு, மருந்து அதேதான். கம்பெனி பேரைப் பார்க்காமல் மருந்தின் பேரைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் தூக்கத்துக்கு குளோனாசெபாமும் எழுதி, எப்போது நிறுத்துவது என்று சொல்லாமல் விட்டார்கள். பழக்கமாகிவிடக்கூடியது அந்த மாத்திரைதான், எஸ்சிடலோபிராம் அந்த ரகமில்லை. ஓபியில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

மனக்கோளாறு தீரும் என்று நம்புகிற குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அம்மா வேண்டிக்கொண்டார். 48 நாள் தங்கச் சொன்னார், ஒரு நாள் போய்க் கும்பிட்டு வந்தேன், மாத்திரை பையிலேயே இருந்தது. பெருமாளுக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. கவுன்சிலிங் இரண்டே தடவைதான் போனேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது நியாயமில்லை. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் விஷயத்தில் என் அனுபவம் உதவாது, டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். எங்கே போனாலும் இரண்டை மறக்காமல் சொல்லுங்கள்: முன்பு எப்போதாவது தூக்கமே வேண்டாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் திரிந்தது உண்டா, வலிக்கு டிரமடால் மாதிரி வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா. இவற்றைப் பொறுத்து மருந்தே மாறலாம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாதென்றால், மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 14416, டெலி மனஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். பகலில் விடவே முடியாத வேலை, மாதாமாதம் பீஸ் ஒரு பாரமில்லை என்கிறவர்கள் கிளினிக்குக்கே போகலாம். அவர்கள் முதல் நாளே டாக்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு: எத்தனை மாதம் சாப்பிட வேண்டும், நிறுத்தும்போது எப்படிக் குறைக்க வேண்டும். எனக்கு ஆடிக்கு அப்புறம் குறைக்கலாம் என்றிருக்கிறார்கள். கடைச் சாவி தையிலேயே திரும்பி வந்துவிட்டது, மாத்திரை டப்பா இன்னும் மனைவியிடம்தான்.