சத்ரியா ஜிடிஐ: எல்லாம் சரி, இந்த பிரேக் பேட் மட்டும்...

முன் பிரேக் டிஸ்க் இரண்டையும் மறுபடி மாற்றியாயிற்று. பில்லைப் பார்த்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அதனால் நியாயம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காடி மலேசியாவின் புரோட்டோன் செய்த சத்ரியா ஜிடிஐ. 1998-ல் வந்த மாடல், 1.8 ட்வின் கேம், மேனுவல் கியர், பிரிட்டனின் லோட்டஸ் காடிக்காரர்கள் கைவைத்த சஸ்பென்ஷன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "என்ஜின் எப்படி அண்ணே?" என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. டைமிங் பெல்ட்டை நேரத்துக்கு மாற்றுங்கள். மேல் கவர் கேஸ்கெட் காய்ந்து பிளக் குழிக்குள் எண்ணெய் இறங்குகிறதா என்று பாருங்கள், அந்த வயதுக் காடிக்கு அது சகஜம். முடிந்தது. டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் வருடக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருப்பது அதோடுதான்.

வாரம் முழுக்க இந்தக் காடி நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவில் ஓடுகிறது. வீட்டிலிருந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலைக்கு, ஆலையிலிருந்து வீட்டுக்கு, சாயங்காலம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்கு. எப்போதாவது ஒரு ஞாயிறு சிப்பாங் ரேஸ் ட்ராக்கில். இந்த இரண்டு பிழைப்புக்கும் சேர்த்து ஒரே பேட் உண்டு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பெட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும். நம்பாதீர்கள். ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் நடுவில் நிற்கிற பேட் இரண்டு இடத்திலும் அரைகுறையாகத்தான் பிடிக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். சிப்பாங் சர்க்கிட் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. இரண்டு நீண்ட நேர்ப்பாதை, நடுவில் ஊசி முனை மாதிரி கடைசி வளைவு. பின் நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வந்து அங்கே பிரேக் அடிக்கிறீர்கள். வெளியே வந்ததும் மெயின் நேர்ப்பாதை, மறுபடி முழு வேகம், முதல் வளைவில் மறுபடி இரண்டாம் கியர் வரைக்கும் இறங்க வேண்டும். பேட்டுக்கு மூச்சு வாங்க நேரமே இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தின்ன வேண்டிய சூடு நான்கு மடங்கு. ஊருக்குள் 80-லிருந்து நிறுத்துகிற பேட்டை, 160-லிருந்து இழுத்துப் பிடி என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். மதியம் அங்கே தார் மட்டுமே 50 பாகையைத் தாண்டிக் கொதிக்கும்.

சாதாரண பேட்டில் எல்லாத்தையும் ஒட்டிப் பிடித்திருப்பது ஒரு பிசின். அளவுக்கு மேல் சூடானால் அந்தப் பிசின் வெந்து புகைகிறது. அந்த வாயு பேட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவில் போய் நிற்கிறது. பெடல் கல்லு மாதிரி இருக்கும், காடி மட்டும் நிற்காது. நாலாவது சுற்றில் முதல் வளைவை நோக்கி அப்படிப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, ட்ராக் பேட் போடலாம் என்றால் அது இன்னொரு கதை. கேஎல்லில் (கோலாலம்பூரில்) ஒரு கடை, பெயர் வேண்டாம். "ரோட்டுக்கும் ஓகே தம்பி, சத்தமே வராது" என்று சத்தியம் செய்து ஒரு செட்டைத் தலையில் கட்டினார்கள். பகாவ் வந்து சேர்வதற்குள் சத்தம் ஆரம்பித்துவிட்டது. சாதாரணக் கீச்சு இல்லை. டிராபிக் லைட்டில் நிற்கும்போது முன்னால் மோட்டார் சைக்கிளில் போகிறவர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். அம்மா வாசலில் நின்று, "ஏன்டா, இவ்வளவு காசு போட்டும் பன்னி கத்துற மாதிரி கத்துதே" என்றார். திருவிழா சமயம் கோயில் பக்கம் மெதுவாக ஊர்ந்து போனபோது நாதஸ்வரக்காரரே ஒரு பார்வை பார்த்தார். திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் சொன்ன பதில்: "ட்ராக் பேட்னா சத்தம் வரத்தான் செய்யும்." முதல் நாள் சொன்னது வேறு வாய் போல.

சத்தம்கூடப் பரவாயில்லை. அந்த வகைப் பேட் சூடேறினால்தான் கடிக்கும். விடிகாலையில் சிப்பாங் போக பகாவிலிருந்து கோலப்பிலா வழியாகச் சிரம்பான் பக்கம் வர வேண்டும். நடுவில் புக்கிட் பூத்துஸ் மலை. பனி இன்னும் விலகாமல், ரோடு ஈரமாக, முன்னால் லோரி. முதல் மிதிக்கு ஒன்றும் நடக்காது. அப்புறம்தான் பேட்டுக்கு ஞாபகம் வரும், நாம் ஒரு பிரேக் என்று. அந்த ஒரு விநாடிக்காகவே இதை வாரம் முழுக்க மாட்டிக்கொண்டு திரியக் கூடாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற காடி இது.

இன்னும் இருக்கிறது. ஆறிக் கிடக்கும்போது ட்ராக் பேட் டிஸ்கை அரம் மாதிரி ராவுகிறது. அதிலிருந்து பறக்கும் தூள் சூடான இரும்பு, ரிம்மில் ஒட்டி மழை பட்டதும் துருப் புள்ளியாகிவிடும். நம் ஊர் மழைக்கு அது இரண்டு நாள் வேலை. வெள்ளை ரிம் வைத்திருப்பவர்களுக்கு என் அனுதாபம்.

ஆக, இரண்டு செட் பேட். ஊருக்கு ஒன்று, சிப்பாங்குக்கு ஒன்று. இதில்தான் இந்தக் காடி என்னை மயக்கி வைத்திருக்கிறது. மேலே ஜிடிஐ, ரெக்காரோ சீட், எல்லாம் சரி. ஜாக்கி வைத்து அடியில் படுத்துப் பார்த்தால் புரோட்டோனின் சாதாரணக் குடும்பக் காடியான பழைய வீராவின் சொந்தக்காரன். பகாவில் வீரா கழற்றாத போமென் (மெக்கானிக்) யாராவது இருக்கிறாரா? தோட்டத்துக்குள் லயத்து வீட்டு ஓரம் வீராவுக்குக் கிளட்ச் மாற்றிப் பழகிய கைகள்தான் இங்கே பாதி ஒர்க்‌ஷாப்பை நடத்துகின்றன. புஷ், பால் ஜாயின்ட், பேரிங் எது வேண்டுமென்றாலும் டவுனில் ஸ்பேர் பார்ட் கடை டவுக்கே (முதலாளி) ஏணியில் ஏறாமலே எடுத்துக் கொடுப்பார். என்ஜின் மிட்சுபிஷி 4ஜி93 குடும்பம், பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காடிகளை விற்கிற ஹாஃப் கட் கடைகளில் இன்னும் தேடினால் கிடைக்கிறது. ஜெர்மன் ஹாட் ஹேட்ச் (வேகமான சின்னக் காடி) வைத்திருக்கும் என் ஆலை சூப்பர்வைசர் ஒரு சென்சருக்காகக் கேஎல்லுக்கு அலைகிறார். நான் வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தால், தூங்கப் போவதற்குள் பேட் மாறிவிடும். பேட்டைப் பிடித்திருக்கும் காலிபரில் ஒரு போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேட் கையில். ரோட் டெக்ஸ்கூட 297 ரிங்கிட்தான்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று, இப்போது பில்லுக்கு வருகிறேன். பேட் தன் மேல்பூச்சை டிஸ்கில் தடவிக்கொண்டுதான் பிடிக்கிறது. ஒரு வகைப் பேட் தடவியதன் மேல் இன்னொரு வகை ஏறினால் இரண்டும் சேராது, ஸ்டியரிங் உதறும், பிடி சீராக இருக்காது. ஒவ்வொரு தடவையும் மறுபடி பதப்படுத்த வேண்டும்: வேகம் ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கி, அப்புறம் நிறுத்தாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பகாவ் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் இதை எங்கே செய்வது? அதனால் பேட்டுக்கு ஒரு டிஸ்க் என்று டிஸ்கும் இரண்டு செட் ஆயிற்று. ட்ராக் டிஸ்கில் இந்தத் தடவை சூட்டு வெடிப்பு மயிரிழையாக ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது. ஓரத்தைத் தொட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான், அதில் பேரமே கிடையாது. வெள்ளிக்கிழமை ராத்திரி அரை மணி நேர வேலை என்றது இப்படித்தான் பில்லாக வளர்ந்தது.

இவ்வளவுக்கும் நடுவில், மிகக் குறைந்த காசில் மிக அதிக வித்தியாசம் காட்டியது பேட்டும் இல்லை, டிஸ்கும் இல்லை. பிரேக் எண்ணெய். நான் வேலை செய்வது ஆலையில் பாய்லர் பக்கம், தண்ணீர் ஆவியானால் என்ன ஆட்டம் போடும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பண்டம். டாட் 4 என்ற தரத்து எண்ணெய் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால் தரம் கேட்பது வெறும் 155. வருடம் முழுக்கப் புழுங்குகிற நம் நாட்டில் அந்த ஈரம் சீக்கிரமே சேரும். உள்ளே கொதித்து ஆவிக் குமிழி வந்ததும் பெடல் தரை வரைக்கும் போகும். எண்ணெயை அமுக்கினால் காடி நிற்கும், ஆவியை அமுக்கினால் ஆவிதான் சுருங்கும். பேட் வெந்து போவதைவிட இது பயங்கரம், பெடலே இல்லாமல் போய்விடுகிறது.

300 பாகையைத் தாண்டும் ரேஸ் எண்ணெய் கிடைக்கிறது. விலை ஜாஸ்திதான், ஆனால் ஒரு டயர் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சிப்பாங் போவதற்கு முன்னால் ஒரு தடவை முழுக்க மாற்றிவிடுகிறேன். ரப்பர் ஹோசுக்குப் பதில் ஸ்டீல் வலை போட்ட ஹோஸ், முன் பம்பர் ஓட்டையிலிருந்து டிஸ்க் வரைக்கும் காற்றுக் குழாய். இந்த மூன்றையும் செய்யாமல் பெரிய பிரேக் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இவோ பிரெம்போ கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். மிட்சுபிஷி லான்சர் இவோ 5-லிருந்து வந்த பெரிய பிரெம்போ காலிபரைச் சத்ரியாவில் மாட்டுகிறார்கள், முடியாதது இல்லை. அதற்கு 17 அங்குல ரிம் வேண்டும், ரிம்முக்கு டயர் வேண்டும், பாரம் எல்லாம் சக்கரத்திலேயே கூடும். முன்னால் மட்டும் பிடி ஏறினால் பின் பிரேக் சும்மா வேடிக்கை பார்க்கும். படத்தில் அழகாக இருக்கும், மறுக்கவில்லை.

சஸ்பென்ஷன், டயர் பற்றி நீட்ட விரும்பவில்லை. உயரம் மாற்றும் கொயில் ஓவர் போட்டிருக்கிறேன். ரொம்பத் தாழ்த்தினால் தோட்டத்து ரோட்டில் லோரியிலிருந்து விழுந்து கிடக்கும் குலை அடியில் இடிக்கும். முன் சக்கரத்தைச் சாய்த்து வைத்தால் சிப்பாங்கில் சுகம், ஊரில் டயரின் உள் ஓரம் மொட்டையாகும். செமி ஸ்லிக், அதாவது வரிகள் குறைந்த ட்ராக் டயர், செம்மண் சேற்றில் சறுக்கும். பொதுவான காடி இன்சூரன்ஸ் சர்க்கிட்டில் நடப்பதற்குப் பொறுப்பேற்காது என்பதையும் மனைவிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்றால், சிப்பாங்கின் ஐந்தாம் ஆறாம் வளைவு. இடது, உடனே வலது, இரண்டும் வேகமான, நீண்ட வளைவு. பெரிய காடிகள் எல்லாம் அங்கே உடம்பைச் சுமந்துகொண்டு தயங்கும். இது தயங்காது. எக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தால் பின்பக்கம் தானே திரும்பிக் கொடுக்கும், மறுபடி மிதித்தால் மூக்கு கோட்டைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கம்ப்யூட்டரும் நடுவில் புகுந்து "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லாது. இந்த அளவு பேசுகிற ஸ்டியரிங் உள்ள காடி இந்த நாட்டிலேயே செய்தார்கள் என்பதை இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் எதைப் பார்த்தும் நம்ப முடியாது.

அப்படியென்றால் வாங்கலாமா? வேண்டாம். இப்போது கேட்கிற விலைக்கு நிச்சயமாக வேண்டாம். நல்ல காடியை யாரும் விற்பதில்லை. விற்பவர்களில் பலர் புதுப் பெயின்ட்டுக்குக் காசு கேட்கிறார்கள், அடியில் புஷ் எல்லாம் பொடிந்து கிடக்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு பழைய பெரோடுவா மைவி 1.5 மேனுவல், சின்னக் குடும்பக் காடிதான், வாங்கி, மிச்சத்தில் பேட், எண்ணெய், டயர் எல்லாம் போட்டு வருடம் முழுக்க ட்ராக் டே போகலாம். சிப்பாங்கில் மைவி முந்துமா என்று சிரிக்காதீர்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவன் கையில் அது என்னையே முந்தியிருக்கிறது, அதுவும் முதல் வளைவில், பிரேக்கில்.

என்னுடையதை விற்பேனா என்றும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தர் நல்ல விலைதான் சொன்னார். கொடுக்கவில்லை. டிஸ்க் வந்துவிட்டது, பேட் செட்டுக்கு இந்த மாதச் சம்பளம் வர வேண்டும். இந்தத் தடவை வேறு கடை.