புகையும் பெர்கமோட்டும்: ஒரே டப்பாவிலா, தனித்தனியாகவா?

ஒரே வருடத்தில் மூன்று டப்பா ஸ்மோக்கி ஏர்ல் கிரே குடித்து முடித்தேன். நான்காவது வாங்கவில்லை. இப்போது என் அலமாரியில் இரண்டு சின்ன டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்றில் லாப்சாங் சூச்சோங், இன்னொன்றில் சாதாரண ஏர்ல் கிரே. இரண்டையும் நானேதான் கலந்து கொள்கிறேன். கலந்து விற்கும் டீ ருசியில் மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. வைத்திருந்து குடிப்பதில்தான் பிரச்சினை. இந்த டீயைப் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

முதலில் இது என்ன டீ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகை வருவது சீனாவிலிருந்து. ஃபூஜியான் மாகாணத்து வூயி மலையில் தோங்மு என்ற ஊர்ப் பக்கம்தான் லாப்சாங் சூச்சோங் பிறந்தது. அங்கே பல அடுக்கு மரக் கட்டடங்களில் கீழே பைன் விறகை எரித்து, மேல் தளங்களில் இலையைப் பரப்பி வாட்டுகிறார்கள். பிறகு உருட்டி, நிறம் மாற விட்டு, கடைசியில் மறுபடியும் பைன் புகையிலேயே உலர்த்துகிறார்கள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம் இது. உலகின் முதல் பிளாக் டீயே இதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

எலுமிச்சை வகை மணம் வருவது இத்தாலியின் தென்கோடியிலிருந்து. கலாப்ரியா கடற்கரையில் விளையும் பெர்கமோட் பழத்தின் தோலைப் பிழிந்து எண்ணெய் எடுக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 200 கிலோ பழம் வேண்டும். இந்த எண்ணெயைத் தேயிலையில் ஏற்றினால் அது ஏர்ல் கிரே. 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த கிரே பிரபுவின் பெயரைத் தாங்கி வருகிறது. ஆனால் அவர் சீனாவுக்குப் போனதே இல்லை. சீனத்து அதிகாரி ஒருவர் நன்றிக்கடனாக அவருக்கு இந்தச் செய்முறையைக் கொடுத்தார் என்பது வெறும் கதை.

இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் ஸ்மோக்கி ஏர்ல் கிரே.

முதல் டப்பாவை லண்டனிலிருந்து அக்கா கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் வந்தது பழத் தோலின் வாசம். எலுமிச்சை போல இருந்தது, ஆனால் எலுமிச்சையின் கூர்மை இல்லை. நடுவில் ஏதோ ஒரு பூவின் சாயல். வெந்நீர் ஊற்றிய பிறகுதான் புகை எழுந்தது. விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரில் குளித்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாசம் உடனே பிடிபடும். அண்டாவின் மூடியைத் தூக்கும்போது முகத்தில் அடிக்குமே, அதே ஈரப் புகை. வாயில் வைத்தால் முதலில் புகை, அது விலகும்போது பழம், விழுங்கியதும் நாக்கின் ஓரங்களில் லேசான இனிப்பு. நல்ல லாப்சாங்கின் அடியில் லிச்சி போன்ற லாங்கன் பழத்தை உலர்த்தினால் வரும் இனிப்பு இருக்கும் என்று சீனர்கள் சொல்வார்கள். எனக்கு அது பனங்கருப்பட்டியாகத்தான் தெரிந்தது. கருப்பட்டியிலும் புகை இருக்கிறதே.

பால் சேர்க்காதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவுக்குப் பால் ஊற்றித்தான் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, “பால் அடிப்பிடிச்சிருச்சாடா?” என்றார். பால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புகையும் பாலும் சேர்ந்தால் அடிப்பிடித்த பால் வாசம்தான் வருகிறது. அன்று அம்மா சொன்ன பிறகு எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டப்பாவில் 125 கிராம் இருந்தது. ஒரு கோப்பைக்கு இரண்டரை கிராம் போட்டால் ஐம்பது கோப்பை. நான் வாரத்துக்கு நான்கு நாள் சாயங்காலம் மட்டும் குடிக்கிறேன். ஆக ஒரு டப்பா பன்னிரண்டு வாரத்துக்கு மேல் வரும். நான்காவது வாரம் வரை முதல் நாள் ருசி அப்படியே இருந்தது. ஆறாவது வாரத்தில் ஒரு நாள் குடிக்கும்போது பழத்தைத் தேட வேண்டியிருந்தது. எட்டாவது வாரத்தில் தேடினாலும் இல்லை. புகை மட்டும் முதல் நாள் மாதிரியே இருந்தது. சொல்லப்போனால் பழம் போனதால் புகை முன்னைவிட முரடாகத் தெரிந்தது. மிச்ச டப்பா முழுக்க வெறும் லாப்சாங் குடிப்பது போலத்தான்.

என் நாக்கின் பழக்கமாக இருக்கும், அடிக்கடி குடித்துச் சலித்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். இரண்டாவது டப்பாவிலும் அப்படியே நடந்தது. அதனால் மூன்றாவதைத் திறந்த அன்று, இரண்டாவதில் பத்து கிராம் மிச்சம் வைத்திருந்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் ஒரே அளவு, ஒரே தண்ணீர், ஒரே நேரம் ஊறவைத்தேன். நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. எது எது என்று சொல்லாமல் மனைவியிடம் கொடுத்தேன். பழைய டம்ளரை மோந்து பார்த்த உடனேயே கீழே வைத்துவிட்டார். “இதுல புகை மட்டும்தான் இருக்கு.”

இதை விற்றவர்களின் குற்றமாக நான் பார்க்கவில்லை. இரண்டு மணங்களின் இயல்பு அப்படி. பெர்கமோட் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன், லினலைல் அசிடேட், லினலூல் ஆகியவை. இதில் லிமோனீன் சுலபமாகப் பறந்துபோகும் பொருள், கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ்தான். காற்று பட்டால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து குணமும் மாறிவிடும். பழத்தின் அந்தத் துள்ளல் போய்விடும். புகையின் பக்கம் பார்த்தால், புகை மணம் தரும் குவாயகோலின் கொதிநிலை 205 டிகிரி. பைன் மரத்திலிருந்து வரும் லாங்கிஃபோலீனுக்கு 250ஐத் தாண்டும். கொதிநிலையை மட்டும் வைத்து எல்லாவற்றையும் கணக்குப் போட முடியாது, ஆனால் எது முதலில் கிளம்பும் என்று இது காட்டிவிடுகிறது. அப்புறம் ஒன்று. தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். அந்தக் குணத்தால்தான் மல்லிகை டீ, ஏர்ல் கிரே எல்லாமே சாத்தியமாகின்றன. ஒரே டப்பாவில் அடைத்து வைத்தால், பெர்கமோட் விட்டுப்போன இலையிலும் புகை ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

நான் இருப்பது சென்னையில். மே மாதத்தில் சமையலறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போகிறது. குளிரான ஊரில் இருப்பவர்களுக்கு ஆறு வாரம் என்பது பத்து வாரமாகலாம். வீட்டில் நான்கு பேர் குடித்தால் மணம் போவதற்குள் டப்பாவே காலியாகிவிடும். அவர்கள் யோசிக்காமல் கலந்ததையே வாங்கலாம். என்னைப் போல ஒற்றை ஆள் குடிப்பதென்றால் பாதிக் காசு வீண்.

தனித்தனியாக வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. சீக்கிரம் மணம் இழக்கும் பாதியை மட்டும் அடிக்கடி புதிதாக வாங்கினால் போதும். நான் போடும் கணக்கு, ஒரு கோப்பைக்கு ஏர்ல் கிரே 2 கிராம், லாப்சாங் அரை கிராம். அதாவது நாலுக்கு ஒன்று. 50 கிராம் லாப்சாங் வாங்கினால் நூறு கோப்பை வரும். ஏர்ல் கிரேயைப் பெரிய டப்பாவாக வாங்குவதை நிறுத்திவிட்டு 50 கிராம் பாக்கெட்டாக வாங்குகிறேன். 25 கோப்பை, ஆறு வாரம், தீர்ந்தது. அதன் மணம் இறங்கத் தொடங்கும்போது அடுத்த பாக்கெட் வந்துவிடும். என் லாப்சாங் பதினான்கு மாதப் பழசு. புகை கொஞ்சம் சாந்தமாகியிருக்கிறது, இனிப்பு முன்னே வந்திருக்கிறது. எனக்கு இப்போதுதான் இன்னும் பிடிக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

ஸ்பூன் கணக்கு இதில் சரிவராது. லாப்சாங் இலை பெரிதாக, முறுக்காக இருக்கும். ஏர்ல் கிரே பெரும்பாலும் பொடி இலை. ஒரே ஸ்பூனில் எடுத்தால் எடை தாறுமாறாக வரும். சின்னத் தராசு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அரை கிராமைத் தாண்டி முக்கால் கிராம் ஆனாலே பழம் அமுங்கிவிடுகிறது. 200 மில்லி தண்ணீர், கொதித்து அரை நிமிடம் ஆறியது, மூன்று நிமிடம் ஊறல். ஐந்து நிமிடம் விட்டால் துவர்ப்பு ஏறி பெர்கமோட் கசந்துவிடும். இன்னொன்று, லாப்சாங்கை இறுக்கமான தகர டப்பாவில் வையுங்கள். ஒரு முறை ஜிப் உறையோடு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் ஏலக்காய் முழுக்கப் பைன் புகை.

லாப்சாங் வாங்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். புகை போடாத லாப்சாங்கும் சந்தையில் இருக்கிறது. நல்ல டீதான், ஆனால் நம் வேலைக்கு ஆகாது. புகை எசென்ஸ் தெளித்த இலையும் வருகிறது. இலையைக் கையில் எடுத்து மோந்தால் தார் நெடி தூக்கியடிக்கும். கோப்பையில் இனிப்பே இருக்காது. அசல் புகை போட்டது ஐரோப்பாவில் இப்போது அரிதாகிவிட்டது. விறகுப் புகையில் உண்டாகும் ஆந்த்ராகுவினோன் என்ற பொருள் தேயிலையில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பைன் புகை போட்ட இலை பலமுறை அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. கோப்பைக்கு அரை கிராம் போதும் என்பது எனக்கு அந்த வகையிலும் ஆறுதல்.

ஏர்ல் கிரேயின் அடித்தேயிலை எது என்பதிலும் எனக்கு ஒரு சாய்வு உண்டு. இலங்கை மலையகத் தேயிலை, அதிலும் டிம்புலா பக்கத்து இலை, இதற்கு அழகாகப் பொருந்துகிறது. தெளிவான ஆரஞ்சு நிறம், வாயில் கனமாக இறங்காத ருசி. புகைக்கும் பழத்துக்கும் அது இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது. உறையில் சிலோன் என்று மட்டும்தான் போடுகிறார்கள். அந்தக் கொழுந்தைப் பறிப்பது பெரும்பாலும் மலையகத் தமிழ்ப் பெண்களின் கை. ஒவ்வொரு பாக்கெட்டைப் பிரிக்கும்போதும் எனக்கு அது நினைவுக்கு வரும். அசாம் இலையில் செய்த ஏர்ல் கிரேயையும் போட்டுப் பார்த்தேன். அதன் மால்ட் ருசி, அதாவது முளைகட்டி வறுத்த தானியத்தின் ருசி, புகையோடு மோதுகிறது.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. ஏர்ல் கிரேயே வேண்டாம், லாப்சாங்கில் புதுப் பழத் தோலைச் சீவிப் போட்டால் என்ன? கமலா ஆரஞ்சுத் தோல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெர்கமோட் ஆகாது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் லிமோனீன்தான். பூ மணம் தரும் லினலைல் அசிடேட் அதில் இல்லை. நாரத்தங்காய்த் தோலை ஒரே ஒரு தடவை போட்டேன், கசந்தது. வெள்ளைப் பகுதியைச் சரியாகச் சீவாமல் விட்டிருக்கலாம், அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமாட்டேன். எலுமிச்சைச் சாறு பிழிவது வேறு விஷயம். புளிப்பு பட்டதும் டீயின் நிறம் வெளிறித் தேன் நிறமாகிவிடும், புகையும் தட்டையாகிவிடும். டீ பேக்கில் வரும் ஸ்மோக்கி ஏர்ல் கிரேயை நான் ஓரிரு முறைதான் குடித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் தனி உறையில் வருவதால் மணம் கூடுதல் நாள் நிற்கக்கூடும். வெளியூரில் அதிகம் சுற்றுபவர்கள் சோதித்துப் பார்க்கலாம்.

கலந்த டப்பாவுக்குச் சேர வேண்டிய ஒரு பாராட்டை மறைக்கக் கூடாது. முதல் நாள் கோப்பையை எடுத்துக்கொண்டால், அது என் கலவையைவிட நன்றாக இருந்தது. அதில் புகை எங்கே முடிகிறது, பழம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியவில்லை. நான் கோப்பையில் கலக்கும்போது இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன, ஒன்றோடொன்று இழைவதில்லை. சேர்ந்தே கிடந்து ஊறிய இலைக்கும் இப்போது சந்தித்த இலைக்கும் அந்த வித்தியாசம் உண்டு.

அதற்காக இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு கிராம் ஏர்ல் கிரேயும் இரண்டு கிராம் லாப்சாங்கும் நிறுத்து, மாத்திரை டப்பா அளவிலான ஒரு எவர்சில்வர் டப்பாவில் குலுக்கி வைத்துவிடுகிறேன். நான்கு கோப்பைக்கு, அந்த ஒரு வாரத்துக்கு மட்டும். புதன்கிழமை போடும் கோப்பையில் இரண்டும் ஓரளவு இழைந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை கோப்பை, லண்டன் டப்பாவின் முதல் நாளுக்கு மிக அருகில் வருகிறது. அடுத்த பாக்கெட் ஏர்ல் கிரேயை நீலகிரியின் குளிர்காலத் தேயிலையில் செய்ததாகப் பார்த்து ஆர்டர் சொல்லியிருக்கிறேன். டிசம்பர், ஜனவரி இலைக்குத் தானாகவே ஒரு பூ மணம் உண்டு. அது பெர்கமோட்டுக்குத் துணை நிற்குமா, இல்லை புகையில் காணாமல் போகுமா என்று பார்க்க வேண்டும்.